இரண்டு கருவிகளின் கொப்பி

“மௌத்தானவர் ஆருக்காவது மனநோவு குடுத்திருந்தா பொருந்திக்கொள்ளுங்க” என்று மாமா, வாப்பாவின் உடல் வைத்திருந்த சந்தூக்குப் பெட்டியின் தலைமாட்டில் நின்று சொல்லி முடிக்குமுன் நஸ்ரி முந்திக்கொண்டார்.

“நான் பொருந்திட்டன்.”

ஜன்னலுக்குள் நின்ற றுமானாவின் கை கம்பியில் இறுகியது. வாப்பாவின் மேலதிகாரி, வாப்பாவை மன்னித்துப் பொருந்துகிறாராம்!

துறைமுகத்துக்கு மேலேயுள்ள மேட்டில் நின்று முப்பத்தொரு வருடம் சூரியனின் வலுவை அளந்தவர் வாப்பா. புதுக் கருவி வந்தபோது பழையதையும் பக்கத்தில் வைத்துப் பதினான்கு மாதம் இரண்டையும் எழுதினார். “ரெண்டு குடும்பம் நடத்திறீரா?” என்று நஸ்ரி சிரித்தார். புதியது எப்போதும் குறைத்தே காட்டியது. சூரியனே மங்குகிறதென்று நஸ்ரி தன் பேரில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு அறிக்கை எழுதினார். “சூரியன் குறையல்ல சேர், கருவிதான் குறைக்குது” என்ற வாப்பாவை, பொய்யளவு எழுதினார் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்.

“அவராத் திருத்தட்டும், பொறு மகள்” என்று வாப்பா மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நஸ்ரி ஜன்னலருகே வந்தார்.

“மகள், வாப்பாட அந்தக் கொப்பி இரிக்கா? வெளிநாட்டுக்காரர் ரெண்டு கருவிட அளவையும் கேக்கிறாங்க. நானே திருத்தி அனுப்பினா மரியாதையா முடிஞ்சிரும்.”

“வாப்பாட பேர்?”

“மௌத்தானவருக்கு இனிப் பேர் என்னத்துக்கு?”

அவள் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துவந்து கம்பிக்குள்ளால் நீட்டினாள். நஸ்ரி இரண்டு கையாலும் வாங்கினார்.

“வெச்சுக்கொள்ளுங்க சேர். காலையில வாப்பாவைக் குளிப்பாட்டக்குள்ள ஒவ்வொரு பக்கமாப் படமெடுத்து, உங்கட அறிக்கையில இருந்த விலாசத்துக்கு, அவங்களுக்கே அனுப்பிட்டன், வாப்பாட பேர் போட்டு. நீங்க அவரை நிப்பாட்டின கடிதமும் போயிட்டு.”

உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அவள் ஒரு வரிகூட ஓதவில்லை.

நஸ்ரி கம்பியருகே குனிந்தார். “இதுக்கு வாப்பா பொருந்துவாரா, மகள்?”

அவள் ஜன்னலை விட்டு விலகினாள்.

“போய் அவரிட்டயே கேளுங்க.”

சந்தூக்கு தோள்களில் ஏறியது. கலிமாச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் பள்ளிப்பக்கம் போனது. லுஹர் நேரத்து உச்சி வெயில். எல்லாருக்கும் பின்னால், தனியாக, நஸ்ரி நடந்தார். வழுக்கைத் தலைக்கு மேல் கொப்பியைப் பிடித்திருந்தார்.