நாற்பத்தாறு விசைகளின் ஊர்

1956ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருவண்ணாமலையில் நாற்பத்தாறு கடைகள் இடம் மாறின. யாருக்கும் அடிபடவில்லை. சவரக் கடையில் பாதி முகத்துச் சோப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் மீதிப் பாதியைப் பஸ் ஸ்டாண்டு எதிரில் வழித்துக்கொண்டார். மலையும் கோயிலும் நின்ற இடத்திலேயே நின்றன.

அதே நேரத்தில், திருவூடல் தெருவில் தட்டச்சுப் பள்ளி நடத்திவந்த பாகம்பிரியாள் தன் தமிழ் மெஷினின் நாற்பத்தாறு விசைகளில் கடைசி விசையின் அச்சை ஈயம் வைத்து ஒட்டி முடித்திருந்தாள். தாலுகா ஆபீசுக்குப் போகும் மனுக்களில் பாதி அவள் அடித்தவை. அடிக்கடி வரும் எழுத்துகளெல்லாம் அந்த மெஷினில் ஓரமாக இருந்ததால் பத்து வருஷத்தில் வலது சுண்டுவிரல் வீங்கிவிட்டது. இனி அடித்தால் விரல் மடங்காது என்றார் டாக்டர். அவள் அடிப்பதை விடவில்லை, எழுத்துகளை இடம் மாற்றினாள். க, த, ம மூன்றும் நடு வரிசைக்கு வந்தன. எப்போதோ வருபவை மூலைக்குப் போயின.

இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவர் தபால்காரர் காசி. ஜன்னல் வழியாக விசைகளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க 'க' எங்க போச்சோ, காபி ஓட்டலும் அங்கதான் போயிருக்குது" என்றார்.

தாசில்தார் பழையது, புதியது இரண்டு விசை அமைப்பையும் ஒவ்வொரு நாள் சோதிக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தோடு தாமே வந்து உட்கார்ந்தார். பழையதை மறுபடி ஒட்டியபோது ஊரும் பழையபடி ஆனது: பாகம்பிரியாளுக்கு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு வார்த்தை, காசியின் தபால் சுற்றுக்கு நாலு மணி நேரம். புதியதில் அறுபத்தோரு வார்த்தை, இரண்டே கால் மணி நேரம். ஆஸ்பத்திரியை ஒட்டி மருந்துக் கடை, மாவு மில்லை ஒட்டி இட்லிக் கடை. புதியதே இருக்கட்டும் என்று தாசில்தார் உத்தரவு போட்டார். வேலை சீக்கிரம் முடிந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் பகலிலேயே கிரிவலம் போனார்கள். தாசில்தார் ஆபீஸ் மாடியில் பட்டம் விட்டார்.

ஏகாம்பரநாதனுக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. அவருடைய குடை ரிப்பேர் கடை 'ஃ'இல் இருந்தது. அது கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு கடலைக் கொல்லை நடுவில் போய் நின்றது. மூன்றாம் நாள் அங்கிருந்து தட்டச்சுப் பள்ளிக்கு நடந்தே வந்தார்.

"என் கடைக்கு வர்றவங்க கம்மிதாங்க. அதுக்காகக் கொல்லையில கொண்டுபோயா வெப்பீங்க?"

"அந்த எழுத்து எந்த மனுவுலயும் வர்றதில்லீங்களே, நான் என்ன பண்றது?"

"வர வெய்ங்க."

பாகம்பிரியாள் ஈயத்தை எடுத்துச் சூடாக்கினாள். அன்று மதியமே 'ஃ'ஐ வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒட்டினாள். குடைக் கடை பள்ளிக்கு நேர் எதிரில் வந்து நின்றது. வேகம் ஐம்பத்தாறாகக் குறைந்தது, அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. விசை சும்மா இருக்கக்கூடாதே என்று 'அது' வரும் இடங்களில் 'அஃது' என்றும், 'இது' வரும் இடங்களில் 'இஃது' என்றும் அடித்தாள். ஓடைத் தகராறு மனுக்கள்கூடக் கம்பீரமாகிவிட்டன. இப்படிப்பட்ட தமிழை எப்படி நிராகரிப்பது என்று தாசில்தார் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். கார்த்திகைக்குள் விரல் வீக்கம் வடிந்தது.

அவள் 'ஃ'ஐத் தட்டும்போதெல்லாம் எதிர்க்கடையில் தொங்கிய குடைகள் படக்கென்று விரிந்து மூடின. ஏகாம்பரநாதன் அதற்குப் பழகிக்கொண்டார். 1958 பங்குனியில், யாரும் மனுக் கொண்டுவராத ஒரு மதியம், குடைகள் பதினேழு முறை விரிந்தன. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார். வைகாசியில் கல்யாணம்.

அறுபதுகளில் ஊரில் தெருப்பெயர் சொல்லும் வழக்கமே போய்விட்டது. வேலூரிலிருந்து வந்தவர் ஜவுளிக் கடைக்கு வழி கேட்டால் டீக்காரர் நிமிராமல், "மேல் வரிசை, இடது கை, நடுவிரல்" என்பார். வந்தவரும் உள்ளங்கையை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு, சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்.