ஓர் இடத்துக்கு நான்கு வாக்கு

ஒஸ்லோ நகரின் ஹவுகன்ஸ்டுவாவில் மூன்றாம் மாடிக்கு ஏறி அந்த வீட்டு மணியை அழுத்தியபோது தர்மினி வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். திரும்பவும் முடியாது. இந்த வருடமும் கூடைப்பந்து அணிக்கு நல்ல கார்ட் ஆட்டக்காரி ஒருத்தியைக் கொண்டு வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று தலைமைப் பயிற்றுநர் டால்டன் சிரித்தபடியே சொல்லியிருந்தார்.

தர்மினி பக்கத்து அம்மருட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் ஹார்ட்வெல் ரிட்ஜ் என்ற நடுத்தரக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்றுநர். அந்தக் கல்லூரிக்கு உயரமான ஆட்டக்காரிகள் வருவார்கள், நன்றாக எறிபவர்களும் வருவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தையே நடத்துகிற கார்ட் மட்டும் வரமாட்டாள். வந்தாலும் நிற்கமாட்டாள். அந்த வீட்டுப் பெண் டிலக்சிக்குப் பதினெட்டு வயது. ஒஸ்லோவில் அவள் கையிலிருந்து பந்தைப் பறித்தவர்கள் குறைவு. அவளுடைய ஆட்டத்தைக் காணொளியில் பார்த்த அன்றே தர்மினி விமானச் சீட்டைப் பதிந்துவிட்டாள்.

"வாங்கோ பிள்ளை. சப்பாத்தை அதிலை விட்டுட்டு வாங்கோ," என்று டிலக்சியின் தாய் சிவமலர் கதவைத் திறந்தாள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பேர்கனுக்குத் தூரப் பயணப் பேருந்து ஓட்டும் தகப்பன் சச்சிதானந்தன் தேய்த்த சட்டையோடு சோபாவின் நுனியில் இருந்தார். மேசையில் மீன் றோல்ஸ், வடை, கேக். டிலக்சி மட்டும் கூடைப்பந்துக் கழக மேலங்கியோடு நின்று, 'இதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை' என்பதுபோல் தர்மினியைப் பார்த்தாள்.

தர்மினி மடிக்கணினியைத் திறந்தாள்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றாள் சிவமலர். "முதல் சாப்பிடுங்கோ. நாங்கள் எல்லாம் விசாரிச்சுப் போட்டம்."

"என்னத்தை அன்ரி விசாரிச்சனீங்கள்?"

"உங்கட கொலிஜைத்தான். பிள்ளையை ஒரு இடத்தில குடுக்கிறதெண்டால் விசாரிக்காமல் குடுக்கிறதே?"

"என்னைக் கட்டேக்கை இவ்வளவு விசாரிக்கேல்லை," என்றார் சச்சிதானந்தன்.

"விசாரிச்சிருந்தால் கட்டியிருக்க மாட்டனே."

டிலக்சி முகத்தைக் கைகளால் மூடினாள். "அம்மா, ட்ரேனருக்கு முன்னாலை உதெல்லாம் வேண்டாம்."

சிவமலர் விடவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தமையன் ஸ்ரீஸ்கந்தராசா ஆறு மணித்தியாலம் கார் ஓட்டிப் போய் ஹார்ட்வெல் ரிட்ஜின் இரண்டு ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார். ஆட்டக்காரிகளின் பெற்றோர் இருக்கும் வரிசைக்குப் பின்னால் போய் இருந்துகொண்டு, ஒரு பெட்டி றோல்ஸை அவர்களுக்கு நீட்டிக் கதை எடுத்திருக்கிறார். அணியை விட்டுப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கும் தொலைபேசி எடுத்திருக்கிறார். ஒரு மாப்பிள்ளையின் குணத்தையும் குடிப்பழக்கத்தையும் துருவுகிற அதே துருவல்.

"மூண்டு வருசத்தில அஞ்சு கார்ட் பிள்ளையள் வந்திருக்கினம்," என்று சிவமலர் கைத்தொலைபேசியில் குறித்ததை வாசித்தாள். "ஒருத்தியும் ரெண்டாம் வருசம் நிக்கேல்லை."

தர்மினிக்குச் சுர்ரென்று ஏறியது. எதைப் பேசினாலும் இதைப் பேசவிடக் கூடாது. கண் விழித்துத் தேடிப் பிடிப்பது அவள். ஆட்டம் சொல்லிக் கொடுப்பதும் அவள்.

"அன்ரி, அது எங்கட பிழை இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலயும் பிள்ளையள் கொலிஜ் மாறலாம் எண்டு அங்கை சட்டம் இருக்கு. நாங்கள் வளத்து விடுறம், பெரிய கொலிஜ்காரர் வந்து கொத்திக்கொண்டு போறாங்கள். அவங்களிட்டை டீவி இருக்கு, பெரிய மைதானம் இருக்கு. எங்களிட்டை என்ன இருக்கு? சோளக் காணிதான் இருக்கு. அநியாயம் நடக்கிறது எங்களுக்கு. நீங்கள் என்னெண்டால் எங்களைக் குற்றவாளி ஆக்கிறியள்!"

சிவமலர் தேநீரை அவள் பக்கம் தள்ளினாள்.

"குடியுங்கோ. அஞ்சு பேரில ஒருத்திதான் பெரிய இடத்துக்குப் போனவள். மற்ற நாலு பேரும் உங்களைவிடச் சின்ன இடங்களுக்குப் போயிருக்கினம். அது ஏன் பிள்ளை?"

தர்மினி ஒருபோதும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

"நான் சொல்லுறன். அஞ்சு பேருக்கும், 'உன்ரை கையிலதான் பந்து, வேற கார்ட் எடுக்க மாட்டம்' எண்டு வாக்குக் குடுத்திருக்கினம். பிள்ளை அங்கை போய் இறங்கினால் அதே வாக்கோடை இன்னும் ஒண்டு ரெண்டு பேர் நிக்கினம். பிறகென்ன, வருசம் முழுக்க ஆட விடாமல் ஓரத்து வாங்கில இருத்தி வைக்கிறதுதான். வாக்குக் குடுத்தது ஆரெண்டும் அந்தத் தாய்மார் சொன்னவை." சிவமலரின் குரல் தணிந்தது. "தர்மினி எண்டொரு பிள்ளையாம். நல்லாக் கதைப்பாவாம்."

தர்மினியின் காதுகள் எரிந்தன. மிதுனாவின் முகம் கண்முன்னே வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி, ரொறன்ரோப் பிள்ளை. இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, 'உங்கட மகளை நான் பாத்துக்கொள்ளுவன்' என்று சொல்லிவிட்டு வந்தவள் இதே தர்மினிதான். அந்தப் பருவம் முழுக்க மிதுனா வாங்கில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். 'மனத்திடம் போதாது' என்றார் டால்டன். தர்மினியும் அதை நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

அவள் கைத்தொலைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்து டால்டனை அழைத்தாள். ஒஹாயோவில் காலை ஒன்பதரை மணி. டால்டன் உற்சாகமாக எடுத்தார்.

"நீங்கள் ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள்," என்று தர்மினி ஆங்கிலத்தில் சொன்னாள். "டிலக்சியும் அவளுடைய பெற்றோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

"அருமை! டிலக்சி, உன்னைப் பார்க்க நாங்கள் எல்லோரும்—"

"ஒரு கேள்வி. அடுத்த வருடத்துக்குக் கார்ட் இடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை எத்தனை பேருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்?"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "தர்மினி, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பேசு."

"நிறுத்தமாட்டேன்."

"இது எல்லாக் கல்லூரியும் செய்வதுதான். நாலு பேரிடம் சொன்னால்தான் ஒருத்தியாவது வருவாள்."

"நாலு பேரும் வந்துவிட்டால்?"

"மூன்று பேர் பழகிக்கொள்வார்கள்."

டிலக்சி மேசையை நோக்கிக் குனிந்தாள். "அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தியா?" என்று தெளிவான ஆங்கிலத்தில் கேட்டாள்.

டால்டன் அவளுடைய திறமையைப் புகழத் தொடங்கினார். பாதியில் தானே நிறுத்தினார். "தர்மினி, திங்கட்கிழமை என் அறைக்கு வா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சச்சிதானந்தன்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் பேர்கன் பஸ்ஸில ஒரு சீற்றுக்கு நாலு ரிக்கற் வித்தால் அண்டைக்கே கலைச்சு விடுவாங்கள். உவர் என்னெண்டால் நாலு பேரையும் ஏத்திப்போட்டு, மூண்டு பேர் நிண்டு பழகட்டாம்."

"கையெழுத்துப் போடாதை டிலக்சி," என்றாள் தர்மினி.

டிலக்சியின் கண்கள் நிறைந்துவிட்டன. அது அழுகை இல்லை, கோபம். "சுகமாச் சொல்லிப்போட்டியள் அக்கா. என்னை வேற ஒரு கொலிஜும் கேக்கேல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும். கேக்கேல்லை எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். வேற வழி இல்லாத பிள்ளையளிட்டைத்தான் டால்டன் எங்களை அனுப்பிறவர்." தர்மினி மடிக்கணினியை மூடினாள். "உனக்கு இஞ்சை கழகம் இருக்கு, ஆட்டம் இருக்கு. இன்னொரு வருசம் விளையாடு. கேப்பினம். கேக்காட்டிலும் அந்த வாங்கில போய் இருக்காதை."

டிலக்சி எழுந்து அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தரையில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்வார் என்று வழக்கமாகக் கத்துகிற சிவமலர் இன்று கத்தாமல் தர்மினியின் பக்கம் திரும்பினாள்.

"உங்கட வேலை என்னாகும் பிள்ளை?"

"போகும் அன்ரி." தர்மினி முகத்தைத் துடைத்தாள். டால்டன் மீது பற்றிய கோபம் அடங்கவில்லை. அதில் பாதி தன் மீதும் பற்றிக்கொண்டு எரிந்தது. "மிதுனா எண்ட பிள்ளையின்ரை தாயோடை உங்கட அண்ணர் கதைச்சவரோ? என்னட்டை இருந்த நம்பர் இப்ப வேலை செய்யேல்லை."

"கதைச்சவர். நம்பர் இருக்கு." சிவமலர் தேடி எடுத்தாள். கொடுக்கும் முன் தயங்கினாள். "அந்த மனுசி சும்மா விடாது. வாய் பொல்லாதது."

"தாங்கோ."

அவள் அந்த எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணி ஒலியில் எடுத்தார்கள். தர்மினி தன் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொன்னாள்.

"ஓ, நீரோ!" என்றது அந்தக் குரல். "வேற கொலிஜுக்குப் போயும் என்ரை பிள்ளை ஒரு வருசமாப் பந்தைத் தொடேல்லை. தெரியுமோ உமக்கு? எந்த முகத்தோடை எனக்கு போன் எடுக்கிறீர்?"

சிவமலர் மேசைக்கு மேலால் கையை நீட்டினாள், நான் கதைக்கட்டுமா என்பதுபோல். தர்மினி தலையாட்டி மறுத்தாள். கைத்தொலைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ அன்ரி," என்றாள். "நான் வைக்க மாட்டன்."