ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு

என் கடையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை தொங்குகிறது: "சாம்பிள் இல்லாமல் பார்ட் கிடையாது." பழைய டிராக்டருக்கு உதிரிப்பாகம் கேட்டு வருகிறவர் எவராக இருந்தாலும், கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். "ஒத்தைக்கோட்டுக்கு ஒரு செட் பிரேக் ஷூ குடுங்க" என்று வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறவரை வந்த வழியே அனுப்பிவிடுவேன். முசுடு என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு என்பதெல்லாம் மெக்கானிக்குகள் வைத்த பெயர்கள். ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு. முதல் மாடலின் பானெட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அடுத்த மாடலில் இரண்டு. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க அந்தக் கம்பெனிக்கு மனசு வரவில்லை போல. பதினோரு மாதம் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். அந்தப் பதினோரு மாதத்தில் மிச்சமிருந்த ஒற்றைக்கோட்டுப் பானெட்டுகளைச் சில இரட்டைக்கோட்டு வண்டிகளுக்கு மாட்டி அனுப்பினார்கள். மேலே பார்த்தால் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. அந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் பலகையை எழுதி மாட்டினேன்.

அக்காவிடம் ஒரு ஒற்றைக்கோடு இருந்தது. ஒன்பது வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தூசி தின்றுகொண்டு நின்றது. அத்தனை வருடமும் அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே இறங்கிக் கேட்டைத் திறக்கப் போன அவள் கணவரை, என் மாமாவை, அதுதான் பின்னாலேயே உருண்டு வந்து கேட் தூணோடு வைத்து நசுக்கியது.

பிரேக் பெடலை மிதித்துக் கொண்டியை மாட்டிவிட்டால் வண்டி அசையாது. அவரை மீட்ட பரபரப்பில் கொண்டி எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மாமா கொண்டியை மாட்டவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். அக்கா முதல் இரண்டு நாள் மல்லுக்கு நின்றாள். "அவர் கொண்டி மாட்டாம இறங்கவே மாட்டாருடா. வீட்டுக் கதவையே மூணு தரம் இழுத்துப் பாக்குற மனுஷன்." நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். "என்னமோ அவசரம்க்கா. மறந்திருப்பார்." தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அன்றைக்கு அவளுடைய துக்கம் கோபமாகத் திரும்பியது. மாமாவின் படத்தைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே சாப்பிடப் போவேன். பரிமாறும்போதே திட்டுவாள். "ஒரு கொண்டியை மாட்ட என்ன வலிச்சுது? என்னைப் பத்தி நெனைச்சிருந்தா மாட்டியிருப்பாருல்ல?" நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார். பழைய டிராக்டர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. "யார் கேட்டாலும் குடுத்துடு. என் கண்ணுல படாம போனா போதும்" என்று அக்கா சொல்லிவிட்டதால் நான்தான் கொட்டகையைத் திறந்தேன்.

"ஒத்தைக்கோடு. பானெட்டப் பாத்தாலே தெரியுதே" என்றேன்.

அவர் பானெட்டைப் பார்க்கவே இல்லை. சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் படுத்து, கியர்பாக்ஸின் இடது பக்கத்தைத் துணியால் துடைத்தார். பிறகு கத்தி முனையால் பெயிண்டைச் சுரண்டினார்.

"அய்யா! இங்க வாங்க, வாங்க! நம்பர் இரட்டைக்கோட்டு நம்பர்! பதினோரு மாச வண்டி இது! இருபது வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்!"

சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். நான் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரட்டைக்கோட்டின் பிரேக் டிரம், அதாவது ஷூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற வட்டக் கிண்ணம், கால் அங்குலம் பெரியது. ஒற்றைக்கோட்டு ஷூ அதற்குள் போகும், உட்காரும். அட்ஜஸ்டரைத் திருகினால் பிடிக்கவும் செய்யும். ஆனால் ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் டிரம்மைத் தொடும். வெறும் வண்டிக்கு அது போதும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் நிறுத்தினால், கொண்டி மாட்டியிருந்தாலும் வழுக்கும்.

மாமா போவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவருக்கு பிரேக் ஷூ கொடுத்தேன். "பழசைக் கழட்டி எடுத்துட்டு வரவா மச்சான்?" என்று போனில் கேட்டார். "நம்ம வண்டிக்கு எதுக்கு மாமா சாம்பிள்? எனக்குத் தெரியாதா?" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மாட்டிய மறுநாள் மறுபடி கூப்பிட்டார். "பெடல் ரொம்ப ஆழமா போகுது மச்சான்." புது மாப்பிள்ளையும் புது பிரேக்கும் படிய நாளாகும் என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்துவிட்டு போனை வைத்தார்.

வந்தவரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பினேன். பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். ஷூவின் நடுவில் மட்டும் ஒரு பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. இரண்டு ஓரமும் என் கடையிலிருந்து போன அன்றைக்கு இருந்த மாதிரியே புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

வாயை மூடிக்கொண்டு வண்டியை விற்றுவிட்டிருக்கலாம். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்திருப்பாள். மாமாதான் அவள் சாகும்வரை திட்டு வாங்கியிருப்பார்.

ஷூவைக் கொண்டுபோய் சமையலறை மேடையில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தேய்ந்த இடத்தை விரலால் காட்டினேன். அக்கா ஈரக்கையைத் துடைக்காமலே அதை எடுத்து, அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ கொண்டி மாட்டியிருந்தார்."

"மாட்டித்தான் இருந்திருப்பார்க்கா."

ஷூவை மறுபடி மேடையில் வைத்தாள். பிறகு கேட்டாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் சாம்பிள் கேப்பியே. அவர்கிட்ட ஏன்டா கேக்கல?"

"நம்ம வண்டிதானேன்னு…"

"ஒம்பது வருஷம்டா. ஒவ்வொரு வாரமும் அந்த மனுஷனத் திட்டியிருக்கேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க."

உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அவரிடம் ஏதோ முணுமுணுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. கூடத்தில் முக்காலியைப் போட்டு, ஆணியும் சுத்தியலுமாக ஏறினாள். முக்காலி ஆடியது. பிடித்துக்கொள்ள ஓடினேன்.

"தொடாதே."

நின்றுவிட்டேன். முதல் ஆணி கோணிக்கொண்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னொன்றை அடித்தாள். படத்தை மாட்டிவிட்டு, நிற்கிறதா என்று மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள்.