சிரிக்க வேண்டிய இடம்

ஆயுத பூஜைக்காகக் கும்பகோணம் ரோட்டு அரிசி மில்லில் எல்லா மெஷினும் நின்றிருந்தது. சந்தனம் குங்குமம் வைத்த, நெல் அரைக்கும் ஹல்லருக்கு எதிரே, குடோன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் படம் காட்ட முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். குறுவை நெல் மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஆட்கள் பொரிகடலையைக் கொறித்தபடி காத்திருந்தார்கள். மலர்க்கொடி புருஷன் சாமிதுரையை ஒட்டி, முழங்கை படும்படி உட்கார்ந்தாள்.

அவருக்குக் காது போய் இரண்டு வருடமாகிறது. இருபது வருடம் அந்த ஹல்லர் பக்கத்திலேயே நின்று அரைத்தவர். காது போகாமல் என்ன செய்யும்? ஆட்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். முதலாளிக்கு மட்டும் சந்தேகம். போன வாரம்தான் சொல்லியிருந்தார்:

"புது மெஷின் கோளாறுன்னா பீப் பீப்புன்னு கத்தும். அது காதுல விழாத ஆள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

மலர்க்கொடி களத்தில் நெல் கிளறுகிறாள். அந்தக் கூலியை மட்டும் நம்பினால் உலை கொதிக்காது. அதனால்தான் இரண்டு பேருக்குள்ளும் ஒரு ஏற்பாடு. அவள் முழங்கையால் இடித்தால் அவர் சிரிக்க வேண்டும்.

படத்தில் ஒரு செவிட்டு வேலைக்காரன். எஜமான் குடை கேட்டால் கோடரியோடு ஓடிவந்தான். வாயை மூடச் சொன்னால் கதவை மூடினான். குடோனே குலுங்கியது.

களத்தில் அவளோடு வேலை பார்க்கும் செவ்வந்தி குனிந்து கிசுகிசுத்தாள். "இதென்னடி அநியாயம், அண்ணன எதிர்ல வச்சிக்கிட்டு! நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. ஏன் நிறுத்தணும்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் படுபாவி விருந்தாளிக்கு மோர் கொடுக்கச் சொன்னதற்கு மோட்டாரைப் போட்டுவிட்டான். மலர்க்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தாநாள் வீட்டிலும் இதே கூத்துதானே! உப்பு கேட்டதற்கு இந்த மனுஷன் துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்ட, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அது தப்பில்லை என்றால் இது மட்டும் எப்படித் தப்பு? அப்படியானால் நெஞ்சுக்குள் ஏன் இப்படிக் காந்துகிறது? அவளுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை இடித்தாள். அவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நிஜமாகவே அவருக்கும் பிடித்திருந்ததோ என்னவோ.

முதலாளி படத்தை நிறுத்தினார். சிரித்த முகம் மாறாமல் இந்தப் பக்கம் திரும்பினார்.

"சாமிதுரை, நீயும் பாவம், எத்தன நாளைக்குத்தான் சமாளிப்ப? நாளையிலேருந்து நம்ம இளவழகன் மெஷினப் பாத்துக்கட்டும். நீ வீட்ல ரெஸ்ட் எடு. என்ன?"

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த இளவழகன் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற எல்லா முகமும் சாமிதுரை பக்கம் திரும்பியது. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்த சாமிதுரை, அடுத்த ஜோக் வந்துவிட்டது என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

கூடச் சிரிக்க ஆளில்லை. அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது.

"என்ன புள்ள? முதலாளி என்ன சொன்னாரு?"

மெதுவாகக் கேட்பதாகத்தான் நினைத்தார். குடோன் முழுக்க எதிரொலித்தது.

தணிந்த குரலில் சொன்னால் அவருக்கு ஏறாது. மலர்க்கொடி ஒரு தடவை முதலாளியைப் பார்த்தாள். பிறகு புருஷன் காதில் வாயை வைத்து, அத்தனை பேர் எதிரிலும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேல போச்சுங்க!"

"ஆங்?"

"உங்க வேல போச்சுங்க!"

"ஆங்?" என்றார் சாமிதுரை, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.