மலைமேல் போட்ட பழி

விஷாலினி கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தபோது, மொட்டைமாடிச் சுவருக்கு அப்பால் மலை புகைந்துகொண்டிருந்தது. மலேசியாவின் கலும்பாங்கில் சனிக்கிழமை காலை எட்டு மணி. அவள் இருக்கும் குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் இன்னும் வெள்ளிக்கிழமை மாலைகூட முடியவில்லை. உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை கிளம்பி மேலே போய், அவசரமில்லாமல் கலைந்தது.

"பாத்தீங்களா ப்பா? ஃபுவேகோ. நெருப்புன்னே பேரு. கால் மணிக்கொரு தரம் இப்படித்தான் விடும். இங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

நவமணி தோசைக் கரண்டியோடு வந்து கணவன் சுகுமாரனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மகளை நேரில் பார்த்து இரண்டு வருடமாகிறது. குவாத்தமாலா என்ற பெயரைக் கோயிலில் நாலு பேரிடம் தடுமாறாமல் சொல்ல அவள் பழகியிருந்தாள். விஷாலினி வேலை செய்யும் நிறுவனம் அந்த நாட்டில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர் வீடுகளும் குடிதண்ணீரும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்து எழுதுவது. "இங்கயும் லயம் இருக்குப்பா, நம்ம தாத்தா வீடு மாதிரியே வரிசையா" என்று முதல் மாதத்திலேயே படம் அனுப்பியிருந்தாள்.

"டிக்கெட் இந்த வாரம் போட்டுரட்டுமா? கே.எல்.லேர்ந்து இஸ்தான்புல், அங்கேர்ந்து பனாமா, அப்புறம் இங்க. மூணே ப்ளேன்தான். ஏர்போர்ட்லேர்ந்து நான் கார்ல கூட்டிட்டு வந்துருவேன்."

மூணே ப்ளேன். சுகுமாரன் மனத்துக்குள் மணிகளைக் கூட்டிப் பார்த்தார். முப்பதைத் தாண்டியது. "அந்த மலைதானே ரெண்டாயிரத்துப் பதினெட்டுல வெடிச்சு ஒரு ஊரையே மூடுச்சு?" என்றார். "எதுக்கு அவசரம்? அடங்கட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்லா."

திரையில் மகளின் முகம் சற்று நேரம் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதென்று நினைத்தார்.

"நான் ரெண்டு வருஷமா இதுக்குக் கீழதான்ப்பா தூங்குறேன்" என்றாள் விஷாலினி. "வர இஷ்டமில்லன்னா சொல்லிருங்க. மலைமேல பழி போடாதீங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. நவமணி அடுப்படிக்குப் போனாள். தோசை கருகிய வாசனை வந்தது.

மகள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது சுகுமாரனுக்குத் தெரியும். அவள் இந்த வேலையை ஒப்புக்கொண்டபோது அவர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். பொம்பளப் பிள்ளை, பாஷை தெரியாத ஊர், தனியா. அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்கும் போகவில்லை. ரவாங் தொழிற்சாலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அவர், அன்றைக்கு யாரும் கேட்காமலேயே கூடுதல் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். அந்தக் கோபம் ஆறு மாதத்திலேயே கரைந்துவிட்டது. மகள் அனுப்பும் படங்களைச் சக ஊழியர்களிடம் காட்டுவதுதான் இப்போது அவருடைய பெரிய பொழுதுபோக்கு. ஆனால் அதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் அந்தப் பழைய அப்பாவை மனத்தில் வைத்துக்கொண்டே பேசினாள்.

அவர் பயந்தது எரிமலைக்கு இல்லை. எட்டு மாதமாக அவருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியவில்லை. வந்தால் அந்த நிமிடமே போக வேண்டும். போனால் சொட்டுச் சொட்டாக நிற்கும், முடிந்தது என்று வெளியே வந்தால் மறுபடியும் முட்டும். கிடங்கில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லித் தன் மேசையைக் கழிப்பறைப் பக்கமாக நகர்த்திக்கொண்டார். கோப்பியை விட்டார். ஊர்களையெல்லாம் அவர் இப்போது கழிப்பறைகளை வைத்தே அறிந்திருந்தார்: ராசாவில் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை, பத்தாங் காலியில் பள்ளிவாசலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அவருடைய அண்ணன் செல்லனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. செல்லன் டாக்டரிடம் போனார், புற்று என்றார்கள், பதினோரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. பெயர் வைக்காதவரை அது வெறும் ஒண்ணுக்கு என்று சுகுமாரன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் கோல சிலாங்கூரில் நவமணியின் அண்ணன் கணேஸ்வரன் வீட்டில் விருந்து. சுகுமாரன் வண்டி ஓட்டினார். ராசாவில் நிறுத்தினார், பத்தாங் காலியில் நிறுத்தினார், ரவாங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டுமென்று நிறுத்தினார். "வர மனசில்லன்னா இதுக்கும் வர வேணாம்" என்றாள் நவமணி, சன்னலைப் பார்த்தபடி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

ஈஜோக்குக்கு முன்னால் வாகனங்கள் அப்படியே நின்றன. வளைவில் ஒரு லோரி கவிழ்ந்து, செம்பனைக் குலைகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஓட்டுநர் காயமில்லாமல் ஓரத்தில் நின்று யாருக்கோ ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. சுகுமாரன் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தார். குளிர்சாதனம் ஓடியும் நெற்றி வியர்த்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கி, சாலையோரச் சாக்கடைக் கானைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்குள் நடந்தார். நடை ஓட்டமானது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் அன்றைக்குக் காய்ந்த மட்டைகள் ஒவ்வொன்றும் காலைப் பிடித்து இழுத்தன. நாலாவது மரத்தை அவர் அடைவதற்குள் காரியம் நடந்துவிட்டது.

ஐம்பத்தொன்பது வயதில், பட்டப்பகலில், விருந்துக்குப் போட்ட சாம்பல் நிறக் கால்சட்டையோடு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாலையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். திரும்பிப் போகவே கூடாது, இப்படியே உள்ளே நடந்து மறுபக்கம் வெளியேறிவிட வேண்டும் என்று தோன்றியது.

"என்னங்க?"

நவமணி புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மட்டைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அருகில் வந்ததும் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பு சட்டென்று கழன்றுபோனது.

"எத்தன மாசமா?"

"எட்டு."

"எட்டு மாசமாவா?" அவள் குரல் உடைந்தது. "நான் என்னென்னமோ நெனச்சேங்க. மகளைப் பாக்கவே பிடிக்கலன்னு நெனச்சேன். உங்கள விட்டுட்டு நான் மட்டும் போயிர்றதுன்னு முடிவே பண்ணிட்டேன்."

"அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது மணி" என்றார் சுகுமாரன். அந்த வாக்கியத்தை அவர் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க உடம்பு வேற, உங்க உடம்பு வேற. நடங்க."

"விருந்து?"

"எங்கண்ணன் சோறு எங்கயும் ஓடிறாது."

வண்டியில் இருந்த துண்டை இருக்கையில் விரித்து அவரை உட்கார வைத்துவிட்டு, நவமணியே வண்டியைத் திருப்பினாள். புஞ்சாக் ஆலாமில் ஒரு துணிக்கடைக்குள் போய்க் கறுப்பு டிராக் சூட் ஒன்றை வாங்கி வந்தாள். அது ஒரு சாண் கூடுதல் நீளம். காலை மடித்துவிட்டுக்கொண்டு, மேலே பட்டுச் சட்டையும் கீழே டிராக் சூட்டுமாக, சுகுமாரன் அந்தக் கடைவரிசையிலேயே இருந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். டாக்டர் பிரமிளா என்ற இளம்பெண். தன் மகள் வயசுப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவர் விழித்தபோது, நவமணி ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் முகத்தில் சிரிப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. ரத்தம் எடுத்தாள், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள்.

முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவர் கிடங்கில் ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். நவமணி எந்தத் தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. மகளிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

பதினோராவது நாள் டாக்டர் பிரமிளா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்ல அங்கிள்" என்று அதைத்தான் முதலில் சொன்னாள். "ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான். மாத்திரை தர்றேன். கொஞ்ச நாள்ல நல்ல வித்தியாசம் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ செக் பண்ணிக்குவோம், ஓகே?"

சுகுமாரன் தலையாட்டினார். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு தோள்கள் தாமாகவே கீழே இறங்கின. எட்டு மாதமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே திரிந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் நவமணி கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா, அங்கிள்?"

"ப்ளேன்ல முப்பது மணி நேரம் போகலாமா?"

"எங்க போறீங்க?"

"குவாத்தமாலா" என்றார் சுகுமாரன், தடுமாறாமல். "மக இருக்கா."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தாள். "நடைபாதை ஓரமா சீட் போடச் சொல்லுங்க. ஏறுறதுக்கு முன்ன கோப்பி வேணாம். நல்லாப் போய்ட்டு வாங்க."

கார் நிறுத்துமிடத்திலேயே அவர் மகளை அழைத்தார். அங்கே இரவு ஒன்பது மணியாவது இருக்கும். பதற்றத்தோடு எடுத்தவளிடம், வெயிலில் நின்றபடி, அவரே எல்லாவற்றையும் சொன்னார். மேசையை நகர்த்தியது, செல்லன் பெரியப்பா, லோரி, டிராக் சூட். டிராக் சூட் வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"விஷா? இருக்கியாமா?"

"இருக்கேன் ப்பா." மூக்கை உறிஞ்சும் ஓசை. "ஏன் ப்பா என்கிட்ட சொல்லல?"

"ஏர்போர்ட்டுக்கு வராதவன் இத மட்டும் எப்படிச் சொல்றது?" என்றார். அப்படியொரு வாக்கியம் தன்னிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. "அன்னிக்கு வந்திருக்கணும்மா. தப்புதான்."

"ராத்திரியில இங்க நல்லா குளிரும் ப்பா" என்றாள். "ரெண்டு பேரும் தடியா ஜாக்கெட் எடுத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் ஒரு பழைய துணிக் கடைக்குப் போனார்கள். ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் துணிகள். மேலே ஒரே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குவியலைக் கிளறி நவமணி ஒரு கருநீலக் குளிர்கோட்டை உருவினாள். "போட்டுப் பாருங்க." அவர் கைகளை நுழைத்தார். யாரோ ஒரு ஜப்பான்காரனின் தோள் அளவு அவருக்குக் கச்சிதமாக இருந்தது. நவமணி ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். உள்ளே வியர்வை முதுகில் ஓடத் தொடங்கியது. பையில் கைவிட்டபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். நாலாக மடித்த ரயில் டிக்கெட், அழிந்துபோன எழுத்துகள், மூலையில் ஓட்டை போட்டிருந்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று படிக்கத் தெரியவில்லை.

"கழட்டுங்க, வேகுது பாருங்க" என்றாள் நவமணி.

"இருக்கட்டும்" என்றார் சுகுமாரன். டிக்கெட்டை மடித்தபடியே மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டு, மூக்கின் நுனியிலிருந்து வியர்வை சொட்ட, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.