நாற்பத்தெட்டாவது துளை

பெங்களூர் பீன்யாவில், ஷடாட்சரியின் பட்டறையில் ஒன்பது வருடமாக, டேப் என்னும் எஃகுக் கருவியைத் துளைக்குள் திருகி மரை வெட்டும் திப்பேஷன், பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரிபாத் தந்த தைரியத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தான். "இதுவரைக்கும் ஒரு டேப் உடைச்சதில்ல மாமா."

பெண்ணின் அப்பா புட்டராமய்யா, கருவிகள் செய்யும் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்தார். "அப்படியா? ஆயுத பூஜைக்குப் பட்டறைக்கு வர்றேன். அந்தக் கையைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

பூஜைக்கு முந்தின நாள் மாலைக்குள் முடியவேண்டிய வேலை, ஒரு அலுமினியத் தகடு. பத்து மில்லி கனம், நாற்பத்தெட்டு துளை. முகப்பு மொழுமொழுவென்று இருக்கவேண்டும் என்பதால் எந்தத் துளையும் மறுபக்கம் எட்டிப்பார்க்காது. அலுமினியம் மிருதுவான சாமான்தான். ஆனால் மண்ணெண்ணெய் விடாமல் மரை வெட்டினால் டேப்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. நாற்பத்தேழு துளை முடிந்தபோது திப்பேஷன் மண்ணெண்ணெய் டப்பாவுக்குக் கை நீட்டினான். டப்பா இல்லை.

"மண்ணெண்ணெய் எங்க சார்?"

"பூஜைக்கு மிஷின் துடைக்க எடுத்தேன்டா. சாமி முன்னாடி அழுக்கோட நிக்குமா அது?" என்றார் முதலாளி ஷடாட்சரி.

ஒரே ஒரு துளைதானே என்று உலர்ந்த டேப்பையே திருகினான். மூன்றாவது சுற்றில் 'டிக்' என்றது. டேப்பின் பாதி அவன் கையில் இருந்தது. மீதி, பிடிக்க நுனிகூட விடாமல், உள்ளே குடியேறியிருந்தது.

டேப்பின் கெட்டி எஃகை டிரில் துளைக்காது. ஆனால் படிகாரத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் எஃகு கரையும், அலுமினியம் தப்பிக்கும். திப்பேஷன் முடிவெட்டும் கடைக்கு ஓடிப் படிகாரம் வாங்கிவந்தான். டீ பாத்திரத்தில் தகட்டின் மூலையை முக்கி, சின்னத் தீயில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். விடியும்போது கரைந்திருக்கும்.

காலையில் அடுப்புக்குப் பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், ஒரு முழம் பூ. தீ இல்லை.

"யார் சார் அணைச்சது?"

"நான்தான், நேத்து வீட்டுக்குப் போறப்போ. அதுவும் நமக்காக உழைக்குதுல்ல? இன்னிக்கு அதுக்கும் லீவு. நாளைக்குக் காலைல ஏழு மணி வரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது."

டேப் சொத்தைப் பல்லைப்போலப் பாதி கரைந்து நின்றது. தகடு முதலாளியின் பெருமை. அதைத் துடைத்து, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. திப்பேஷன் ஒரு சாமந்தியைப் பிய்த்து நாற்பத்தெட்டாவது துளையில் செருகினான்.

புட்டராமய்யா எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தகட்டுக்கே வந்தார். துளை துளையாகச் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நாற்பத்தேழு வரை தலையாட்டினார். பிறகு பூவைப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் ஏன் பூ?"

"கடைசித் துளை சார். முடிச்ச வேலைக்கு மரியாதை. பையன் அவ்வளவு பக்தி!" என்றார் முதலாளி. யாரும் அவரைக் கேட்கவில்லை.

புட்டராமய்யா பூவை நோக்கி விரலை நீட்டினார்.

"ஐயோ, பூஜைப் பூ! இன்னிக்கு எடுக்கக்கூடாது சார்," என்று முதலாளி தடுத்தார்.

"ஆமாமா, எடுக்கக்கூடாது." அவர் ஒரு பிடி பொரியும் கடலையும் எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். "நாளைக்கு எப்போ எடுப்பீங்க?"

"ஏழு மணிக்கு."

"ஆறே முக்காலுக்கு வந்துடறேன். தம்பி, நீங்களே எடுத்துக் காட்டுங்க."

ஸ்கூட்டர் போயிற்று. முதலாளி பூசணிக்காயை உடைத்தார். படிகாரத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரமாவது தீ வேண்டும். திப்பேஷன் அடுப்பின் முன்னால் போய் நின்று, வேறெதுவும் செய்யத் தோன்றாமல், கை கூப்பினான். பக்கத்தில் வந்து நின்ற முதலாளிக்குக் கண் கலங்கியது.

"இதுதான்டா பக்தி," என்றார்.