ஆறாவது எபி

செல்போனில் வரும் காதல் தொடர்களில் கதாநாயகிக்குப் பசிக்கவே பசிக்காது. கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள். காதல் வந்தாலும் சாப்பிடமாட்டாள். கடற்கரையில் நின்றால் கூந்தல் பறக்கும். திருவொற்றியூர்க் கடற்கரைக்கு வந்து ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும், உப்புக் காற்றில் தலை பிசுபிசுத்துச் சிக்குப் பிடித்துவிடும். கதாநாயகனுக்குப் பத்து கம்பெனி இருக்கும், ஆனால் ஒரு நாளும் வேலைக்குப் போகமாட்டான். அவனை எழுதுகிறவர்கள் 'அவன்' என்று எழுதுவதில்லை. 'ஆணவன்' என்பார்கள். அவள் 'பெண்ணவள்'. ஆணவன் பெண்ணவளை அறைவான், அவள் அழுதுகொண்டே அவன் நெஞ்சிலேயே சாய்வாள். கீழே முந்நூறு பேர் இதயம் போட்டு, அடுத்த எபி எப்போது என்று கேட்டிருப்பார்கள். அத்தியாயம் என்று சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

இவ்வளவு திட்டினாலும் நான் ஒன்றையும் விட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பு பாதியில் என்னைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மாவோடு கருவாடு காயப்போட்டுவிட்டு, காக்கை விரட்டும் நேரத்தில் படிப்பேன். எனக்குப் பேச்சு வராது. கடையில் போய் அரை கிலோ சர்க்கரை கேட்பதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும். கதைகளுக்குக் கீழே 'கடல்குருவி' என்ற பெயரில் கருத்து எழுதும்போது மட்டும் அந்த அடைப்பு இருக்காது. ஒரு எழுத்தாளர் என்னால் தன் வில்லனைத் திருத்தி எழுதியிருக்கிறார்.

வினிதா எங்கள் குப்பத்துப் பெண். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் 'உப்புக்காற்றின் ஆணவன்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தாள். முதல் ஐந்து எபியில் ருத்ரவேலன் என்ற மீன் ஏற்றுமதிக்காரன், தென்னிலா என்ற பள்ளிக்கூடப் பெண்ணை ரயிலடியிலிருந்து வீடு வரை பின்தொடர்ந்தான். எல்லாக் கதையிலும் பின்தொடர்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே படித்தேன். ஆறாவது எபியில் அவளை ஐஸ் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினான். அங்கே எனக்குச் சிரிப்பு நின்றது. அது என் ஐஸ் ரூம்.

திலீப்பின் அப்பாவுக்கு எங்கள் குப்பத்து ஓரத்தில் ஐஸ் கடை. எங்கள் படகுகளெல்லாம் அங்கேதான் ஐஸ் ஏற்றும். நான் பள்ளி விட்டு வரும் வழியில் திலீப் தினமும் பின்னாலேயே வருவான். ஒரு நாள் என் பையைப் பிடுங்கிக்கொண்டு கடையின் ஐஸ் ரூமுக்குள் ஓடினான். பையை எடுக்க உள்ளே போனேன். கதவு சாத்திக்கொண்டது. காதலிக்கிறேன் என்று சொன்னால் திறப்பதாக வெளியிலிருந்து சொன்னான். நான் சொல்லவில்லை. அது வீரமில்லை, எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கையால் தட்டினேன். கை மரத்துப்போனதும் செருப்பைக் கழற்றித் தட்டினேன். லோடு ஏற்ற ஆட்கள் வந்த பிறகுதான் திறந்தான். நான் நடுங்கிக்கொண்டு வெளியே வந்ததை அவர்கள் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வேறு கதை ஓடியது. அம்மா கேட்டபோது, கதவு சாத்திக்கொண்டது என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து எனக்குப் பள்ளி இல்லை. ஐஸ் கடை வழக்கம்போலத் திறந்தது.

நான் செருப்பால் தட்டியது எனக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் மட்டுமே தெரியும். வினிதாவின் கதையில் தென்னிலா செருப்பைக் கழற்றித் தட்டினாள். 'அந்த ஓசை ஆணவனின் செவிகளுக்கு இன்னிசையானது' என்று எழுதியிருந்தாள். கதவு திறந்ததும் தென்னிலா ருத்ரவேலனின் நெஞ்சில் விழுந்து காதலைச் சொன்னாள்.

கொன்றுபோட வேண்டும் போல் இருந்தது. அதனால் பாராட்டி எழுதினேன்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனையில் எழுதவே முடியாது, நிஜ ஹீரோ எங்கேயோ இருக்கிறார், அவரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எழுதினேன். வினிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மைக் கதைதான், ஹீரோவே உட்கார்ந்து சொன்னது என்று பதில் போட்டாள். நான் விடாமல், நிஜமாக இருந்தால் அவர் வந்து சொல்லட்டும் என்றேன். அடுத்த நாள் திலீப் தன் பெயரிலும் கூலிங்கிளாஸ் போட்ட படத்தோடும் வந்து, ஒவ்வொரு வார்த்தையும் தன் வாழ்க்கை என்று எழுதிவிட்டுப் போனான். அவன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை வைத்து என்ன செய்வதென்று யோசித்து முடிப்பதற்குள், அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்துவிட்டது.

தெருவுக்குள் எல்லோரும் கதையைப் படித்திருந்தார்கள். குழாயடியில் பெண்கள் என்னைத் தென்னிலா என்றே கூப்பிட்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நாள் ஊர் சிரித்ததற்கு இப்போதாவது ஒரு முடிவு வந்ததே என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வெட்கப்படுகிறாள் என்றார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனேன். காதல் வந்தால் சோறு இறங்காது என்றார்கள். அவர்கள் படித்த கதைகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தன.

எங்கள் குப்பத்தில் தாம்பூலத் தட்டு மாற்றும் முன் ஊர்ப் பஞ்சாயத்து உட்காரும். கங்கையம்மன் கோயில் வாசலில் பையனும் பெண்ணும் தங்கள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அங்கே சொன்ன சொல்லைப் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. எனக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கூடினார்கள். ஊர்த் தலைவர் சுப்புராயன் திலீப்பைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"லவ்வு தாத்தா. எங்க கதை போன்லயே வந்துகினு கீது. ஊர்ல ஒலகத்துல எல்லாம் படிக்கிறாங்க."

"அதுல இருக்கிறது நெசமாடா?"

"அத்தனையும் நான் சொன்னதுதான். அம்மன் மேல சத்தியம்."

தலைவர் என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் கண்ணு என்றார். நான் எழுந்தேன். ஆறாவது எபியைத் திறந்து வைத்திருந்த போனை திலீப்பிடம் நீட்டினேன்.

"அவரே படிக்கட்டும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "பாருடி, வாயில்லாப் பூச்சிக்குக் கட்டிக்கப்போறவன் வாயாலேயே கேக்கணுமாம்" என்றாள் ஒருத்தி. திலீப் பள்ளி மேடையில் நிற்பவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தான்.

"ஆணவன் அவளது புத்தகப் பையைப் பறித்துக்கொண்டு பனியறைக்குள் நுழைந்தான்."

"ஆணவன்னா யாருடா அது?" என்றார் தலைவர்.

"நான்தான் தாத்தா."

"அப்ப நான்னு படி. அது இன்னா பாஷையோ, ஒரு எழவும் புரியல. எல்லாருக்கும் வெளங்கணும் இல்ல."

திலீப் சிரித்துக்கொண்டே மாற்றிப் படித்தான். "நான் அவ பையைப் புடுங்கினு ஐஸ் ரூமுக்குள்ள போனேன். அவ உள்ள வந்ததும் நான் வெளிய வந்து தாழ்ப்பா போட்டேன்."

ஆண்கள் பக்கம் பீடி புகைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். கடலுக்குப் போகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் ரூம் கதவைச் சாத்தும் முன், உள்ளே ஆள் உண்டா என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்கள் குப்பத்து ராசையாவின் தம்பி, குரல் கொடுக்காமல் யாரோ சாத்திய கதவுக்குப் பின்னால்தான் செத்தான். ராசையா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார்.

திலீப் நிமிர்ந்து முகங்களைப் பார்த்தான். இதற்கு மேல் வெறும் லவ் சீன்தான் என்று சொல்லிப் போனை அணைக்கப் பார்த்தான்.

"படி" என்றார் தலைவர்.

அவன் குரல் இறங்கிவிட்டது. காதலிக்கிறேன் என்று சொன்னால்தான் திறப்பேன் என்று அவன் சொன்னதைப் படித்தான். அவள் கையால் தட்டியதைப் படித்தான். செருப்பைக் கழற்றித் தட்டியதையும் படித்தான்.

"அந்தச் சத்தம் எனக்கு... எனக்குப் பாட்டு மாதிரி இருந்துச்சு."

அம்மா மெதுவாக எழுந்து வந்தாள். அன்றைக்கு நான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததும், புதுச் செருப்பைத் தொலைத்துவிட்டேன் என்று அவள் என்னை அடித்ததும் அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தாம்பூலத் தட்டைக் காலால் கவிழ்த்தாள். வாழைப்பழமும் வெற்றிலையும் மணலில் புரண்டன.

திலீப்பின் அப்பா, அது வெறும் கதை, அந்தப் பெண் ஜோடித்து எழுதியது என்று கத்தினார். திலீப்பும் ஆமாம் நைனா என்றான். அம்மன் மேல் செய்த சத்தியத்தை எங்கே வைப்பது என்று தலைவர் கேட்டார்.

"இனிமே நம்ம போட்டுல இவங்க ஐஸ் ஏறாது" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. படகு ஏற்றாத ஐஸை யார் வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, "போதுமாம்மா?" என்றார்.

எனக்குப் போதவில்லை. "இன்னும் ஒரு பக்கம் கீது" என்றேன்.

திலீப்பின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் நின்று அவன் கடைசி வரி வரை படித்தான். அவள் என் நெஞ்சில் விழுந்தாள் என்று படித்தபோது ராசையா காறித் துப்பினார். போனை வாங்கி என் தாவணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

வினிதா மறுநாள் அழுதுகொண்டு வந்தாள். தொடரை எடுத்துவிட்டாள், பாதியில் நிறுத்தியதற்குப் படிக்கிறவர்களெல்லாம் ஏசுகிறார்களாம். உனக்கு வாயில்லை, உன் கதையை யாராவது சொல்ல வேண்டாமா, அதற்காகத்தானே எழுதினேன் என்றாள். அந்த அறைக்குள் தென்னிலாவுக்கு வெட்கமும் சிலிர்ப்பும் வந்ததாக எழுதியிருக்கிறாயே, அது தப்பு, கைக்கு ஒரு கட்டை கிடைத்திருந்தால் அவன் தாடையைப் பெயர்த்திருப்பேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில் அவளிடம் நான் அவ்வளவு பேசியதே இல்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அவளுடைய வாசகிகள் இப்போது மற்றவர்களின் கதைகளுக்குக் கீழே வந்து ருத்ரவேலனைத் தேடுகிறார்கள். நேற்று ஒருத்தி, அப்படி ஓர் ஆண்மகன் எனக்குக் கிடைக்க மாட்டானா என்று எழுதியிருந்தாள். திலீப்பின் கடை விலாசத்தை அனுப்பினேன். மாப்பிள்ளைக்கு இன்னும் பெண் அமையவில்லை, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் எழுதினேன்.